கேரவனுக்குள் ஒரு கதவு

கேரவன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கட்டிலைப் பார்ப்பார்களாம், அப்புறம் அடுப்பைப் பார்ப்பார்களாம். நான் நேராகக் கக்கூஸைப் போய்ப் பார்த்தேன். கண்காட்சியில் டை கட்டிக்கொண்டு நின்ற விற்பனையாளர், "இங்க வாங்க சார், இந்த லைட்டப் பாருங்க, கலர் கலரா மாறும்" என்று என்னைத் திருப்பித் திருப்பி இழுத்தார். ரிட்டையர் ஆனவனுக்குக் கலர் மாறும் விளக்கு எதற்கு? நான் என்ன ரெக்கார்டு டான்ஸா ஆடப்போகிறேன்? "அது கெடக்கட்டுங்க, பாத்ரூம் எங்கிருக்குது?" என்றேன். அவர் முகம் சுருங்கி, ஒரு பூப்போட்ட திரையை விலக்கிக் காட்டினார். துணி அலமாரி அளவுக்கு ஓர் இடம். அதில் ஒரு பிளாஸ்டிக் பீடம். கதவு கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தோசைக்கல்லைத் தொடலாம். அட கருமமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு ஓய்வு பெற்ற சூட்டோடு சூடாக எனக்குக் குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துவாரம் வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். இனி ஆயுசுக்கும் எனக்கு அந்த வழிதான். உயிர் பிழைத்ததே பெரிசு என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தர் வயிற்றிலும் பை இல்லை.

அந்தப் பைக்கு நேரம் காலம் கிடையாது. அடக்கவும் முடியாது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அது தன் பாட்டுக்கு ஒரு சத்தம் போடும். ஓரம் பிரிந்துவிட்டால் அவ்வளவுதான், சட்டை, வேட்டி, மானம் எல்லாம் போகும். நான் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். ஒரு சொட்டு ஒழுகினாலும் பம்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன், கெஞ்சினாலும் விடமாட்டேன். அப்பேர்ப்பட்டவன் இப்போது தானே ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பையை மாற்றும்போது, "தூ, இதெல்லாம் ஒரு உடம்பா" என்று சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

மனைவிக்கு அதைக் காட்டவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பை மாற்றக் கற்றுக்கொடுத்தபோது, "நீ வெளிய இரு" என்று அவளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக் குளியலறையை எனக்கென்று எடுத்துக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் எல்லாம். அவள் என்னைக் காய்ச்சலில் பார்த்திருக்கிறாள், குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்த ஒரு தீபாவளியில் பார்த்திருக்கிறாள். இதை மட்டும் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் என்பது என் முடிவு. சொந்தபந்தங்களுக்குச் சொன்னது, "வயித்துல சின்னதா ஒரு ஆபரேசனுங்க."

இதில் அவளுடைய ஆசை ஒன்று மாட்டிக்கொண்டது. அவள் வால்பாறையில் பிறந்தவள். அவளுடைய அப்பா அங்கே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு மேல்புறம், ஆஸ்பத்திரியை ஒட்டின குவார்ட்டர்ஸில் வளர்ந்தாள். கல்யாணமாகித் துடியலூருக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட அங்கே போய்த் தங்கியதில்லை. "நீங்க ரிட்டையர் ஆனதும் ரெண்டு நாளு போயி இருந்துட்டு வரோணுங்க. காலைல மூடுபனிக்குள்ள அந்த ஆஸ்பத்திரி மணி அடிக்கறத ஒருக்காக் கேக்கோணும்" என்பாள். வேறெதுவும் அவள் என்னிடம் கேட்டதாக ஞாபகமில்லை. நகை கேட்டதில்லை, பட்டுச் சேலைக்கு அடம்பிடித்ததில்லை. ஆகட்டும் அம்மணி என்று வருசக்கணக்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் வயிற்றில் பையோடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வெளியே போகாமல் இருந்தேன் என்றில்லை. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குத் தைரியமாகப் போனோம். பந்தியில் உட்காரும் நேரத்தில் பை கனத்துவிட்டது. அந்த மண்டபத்தின் பாத்ரூம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. தரையெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர், அது தண்ணீர்தானா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மூலையில் வெற்றிலை எச்சில். வாளிக்குள் யாரோ துவைத்துப் போட்ட குழந்தைத் துணி. தாழ்ப்பாள் இல்லை. வெளியே, "யாருங்க உள்ள, சித்தெ சீக்கிரம் வாங்க" என்று கதவைத் தட்டுகிறார்கள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பையைக் காலி செய்யப் பார்த்தால் என்ன நடக்கும்? நடந்தது. மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மனைவியை ஃபோனில் கூப்பிட்டேன். சாப்பிடாமலேயே கிளம்பினோம். வழியெல்லாம் அவள் கார்க் கண்ணாடியை இறக்கிவைத்து, கைப்பையை மடியில் அணைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தாயா, இவளுக்கே அருவருப்பு வந்துவிட்டது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அதற்கப்புறம் கல்யாணம் காட்சி ஒன்றுக்கும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள், எழவுக்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். நான் இரண்டுக்கும் போகவில்லை. "ரிட்டையர் பணம் வந்ததும் மனுசனுக்குத் தலைக்கனம்" என்று என் காதுபடவே பேச்சு வந்தது. பேசட்டும், கெரகம், என்று இருந்துவிட்டேன்.

வால்பாறைக்கு லாட்ஜில் ரூம் போடலாமா என்று மனைவி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். லாட்ஜ் பாத்ரூம்களைப் பற்றி நான் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கடைசியில், "அப்ப நம்மூட்டு பாத்ரூமையே கயித்தக் கட்டி இழுத்துட்டுத்தாம் போகோணும்" என்றாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் செல்ஃபோனில் தேடினால், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்னச் சின்ன வீடுகளாக வந்து விழுகின்றன. முட்டை மாதிரி வழவழவென்று வெள்ளை வெள்ளையாக. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ். எவனோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கடற்கரையோரம் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கிறான். அவனுக்கும் வயிற்றில் ஏதோ இருக்கும், யார் கண்டது.

எனக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. கண்காட்சியில் பார்த்த திரைக்கு அப்புறம், பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். தோப்புக்காரர் தங்கமான மனுசர், இளநீர் வெட்டிக்கொடுத்தார். "நெம்ப நல்ல வண்டிங்க, ஒரு குறையுஞ் சொல்ல முடியாது" என்று கதவைத் திறந்தார். உள்ளிருந்து நாலு கோழிகள் என் தலைக்கு மேல் பறந்து வந்தன. மெத்தையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. தகரச் சுவரில் ஸ்குரூ அடித்த இடமெல்லாம் மழை இறங்கி, உள்பலகை கறுத்து ஊறிப்போயிருந்தது. விரலால் தொட்டேன், வெந்த கத்திரிக்காய் மாதிரி உள்ளே போனது. அடுப்பின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்கின் மேல் முடி, முடியின் மேல் எலிப்புழுக்கை. கக்கூஸ் பீடத்துக்குள் மாட்டுத்தீவன மூட்டையைத் திணித்து வைத்திருந்தார். இப்படி ஒன்றை நாலு பேருக்குக் காட்டுகிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லாமல், "கழுவிவிட்டா புதுசாட்ட ஆயிருமுங்க" என்றார். குடித்த இளநீர் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. மனைவி மட்டும் அந்தக் கோழியைப் பார்த்து, "பாவம், தொந்தரவு பண்ணாதீங்க, குஞ்சு பொரிக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள்.

தகரம், பலகை ரெண்டும் ஆகாது என்பது அன்றைக்குப் புரிந்தது. உக்கடம் பக்கம் ஒரு பாய் ஃபைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டி, பார்க்கில் பிள்ளைகள் சறுக்கும் சறுக்கு எல்லாம் செய்கிறார், இந்த மாதிரி வண்டியும் ரெண்டு மூன்று செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஒரு பக்கம் குளத்து நாற்றம், ஒரு பக்கம் பசை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். பாய்க்கு என் வயதுக்கு ஒரு பத்து குறைவு. உற்சாகமான மனிதர், பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ஜாதி இல்லை. "மேல்பாதிய ஒரு அச்சுல, கீழ்பாதிய ஒரு அச்சுல வார்த்து, ரெண்டையும் ஒட்டிருவோமுங்ணா. நடுவுல ஒரே ஒரு ஒட்டு. மழ உள்ள வர எடமே கெடையாது. உள்ளயே ஓஸ் புடிச்சுக் கழுவலாம். நாத்தம் ஏறாதுங்ணா."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். முடித்து வைத்திருந்த ஒரு வண்டிக்குள் ஏறி, சுவரை, மூலையை, பீடத்தை எல்லாம் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பாய் என் மனைவியைப் பார்த்தார். "அவரு அப்படித்தானுங்க, மாம்பழம் வாங்கினாலும் மோந்துதாம் பாப்பாரு" என்று அவள் சமாளித்தாள்.

பாய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். என் டீசல் வண்டி எவ்வளவு இழுக்கும், கொக்கி எங்கே மாட்டுவது, பின்பக்கம் சாமானை அடைத்தால் ஓடும்போது கேரவன் வாலை ஆட்டும், அதனால் கனத்தையெல்லாம் சக்கரத்துக்கு மேலேயே வைப்பது. கக்கூஸுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு தொட்டி, நிறைந்ததும் வெளிப்பக்கச் சின்னக் கதவு வழியாக உருவி எடுத்துக் கொட்டிக்கொள்ளலாம். "ரெண்டு பேருக்கு ரெண்டு நாளு தாங்குமுங்ணா. மருந்து ஒரு மூடி ஊத்திக்கோணும். மக்குல தண்ணி மோந்து ஊத்தாதீங்க, சீக்கிரம் ரொம்பிரும்." எல்லாம் சரிதான். ஆனால் இவரும் கக்கூஸுக்குத் திரைதான் போட்டிருந்தார்.

"பாய், எனக்குக் கதவு வேணும்."

"கதவு எதுக்குங்ணா? எடத்த அடைக்கும். நீங்க ரெண்டே பேரு, புருசன் பொண்டாட்டி."

"வேணும்னா வேணும். காத்துகூடப் போகக் கூடாது. சுத்தி ரப்பர் வெச்சு இறுக்கமாப் போடுங்க."

"கதவுக்குன்னு அச்சு இல்லீங்ணா. பிளைவுட்டுலதாம் போடோணும். பிளைவுட்டும் தண்ணியும் ஒத்துப்போகாது."

"நீங்க போடுங்க, நான் பாத்துக்கறேன்."

பாய் மனைவி பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்றார். கதவு திறந்தால் அடுப்பில் இடிக்கும், கட்டிலை அரை அடி வெட்ட வேண்டும், அவளுக்கோ காலை நீட்டிப் படுத்தால்தான் தூக்கம். அவள் கதவு வரப்போகிற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அவரு இஷ்டப்படியே போடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

காகிதம் பதிவு என்று அலைந்ததை எல்லாம் எழுதினால் எனக்குத்தான் மறுபடி ரத்தம் கொதிக்கும், விட்டுவிடுகிறேன். ஒருவழியாக வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னால் ஓட்டுவதில் சிரமமில்லை. பின்னால் எடுக்கும்போதுதான் அந்தச் சனியன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போகிறது, வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம் போகிறது. எங்கள் வீதியே வாசலுக்கு வந்து நின்று ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டியது. "ஒடிங்க, ஒடிங்க, ஐயோ போதுங்க!" முருங்கை மரம் ஒன்றைச் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

என் அக்கா அன்னூரிலிருந்து ஃபோன் செய்தாள். "ஏன்டா, அதுக்குள்ள அடுப்பு இருக்குதாம், கட்டிலு இருக்குதாம். அப்ப அது ஊடுதானே? பால் காச்சாம எப்படிறா போயிப் படுப்பீங்க?" அது வண்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால் போதும் என்றேன். "எலுமிச்சம்பழமும் வெய்யி, பாலையுங் காச்சு. வர்ற ஞாயித்துக்கெழம நல்ல நாளு. நானே எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன்" என்றாள். சொல்லிப்போட்டாளாம். அக்கா சொல்லிவிட்ட பிறகு வேண்டாமென்று ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டால் என்ன மரியாதை? ஏற்கெனவே எனக்குத் தலைக்கனக்காரன் என்ற பேர். சரி, ஒரு டம்ளர் பால், ஒரு கேசரி, போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் என் வாழ்நாளில் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சொந்தபந்தம், ஒறம்பரை என்று மொத்தமும் வந்து இறங்கியது. கேரவன் நிலைக்கு மாவிலை கட்டினார்கள். அந்த வழவழத்த வெள்ளை நெற்றியில் அக்கா பட்டையாகச் சந்தனம் பூசினாள். மனைவி அந்தச் சின்ன அடுப்பில் பாலை வைத்தாள். பொங்கி வழிந்தால்தான் நல்லது என்று எல்லாரும் சேர்ந்து பொங்கவிட்டு, பர்னர் அணைந்து, பால் அலமாரிக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. பால் குடித்த கையோடு மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மெதுவாக என் காதருகில் வந்தார். "ஏனுங் மாப்ள, உள்ளயே எல்லாம் இருக்குதாமே? சினிமாக்காரங்க கேரவன்ல இருக்கறாப்பல?"

"இருக்குதுங் மச்சான்."

"ஒருக்காப் போயிப் பாத்துட்டு வரட்டுங்களா?"

பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பார்த்துவிட்டு வருகிற மனுசன் அவ்வளவு நேரமா எடுத்துக்கொள்வார்? வெளியே வந்து, "நெம்ப வசதியாத்தான் இருக்குதுங்க!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான். திருவிழாவில் ராட்டினம் ஏறுவதற்கு நிற்பது மாதிரி வரிசை கட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் ரெண்டு பாத்ரூம் சும்மா கிடக்கிறது. அதைச் சீந்துவார் இல்லை. "மக்கு இல்லையா உள்ள?" என்று கேட்டு, எங்கள் வீட்டு வாளியையும் மக்கையும் அக்காவே எடுத்துப்போய் உள்ளே வைத்தாள். போனவர்கள் எல்லாம் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். தண்ணீர் கதவுக்கு அடியிலிருந்து படி வழியாக முற்றத்துக்கு ஓடி வந்தது.

நான் என்ன செய்வது? வாசலில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறேன். ஒறம்பரையைப் பார்த்து, "அங்க போகாதீங்க" என்று ஒருத்தன் சொன்னால், அவன் செத்த பிறகும் அந்தப் பேச்சு ஊரில் இருக்கும். "போயிட்டு வாங்க, பாத்துப் போங்க, வழுக்கும்" என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் அத்தனை பேரையும் வெறுத்தேன். அவர்கள் சிரிப்பை, அவர்கள் நல்ல வயிற்றை, அது அவர்கள் சொன்னபடி கேட்பதை எல்லாம் வெறுத்தேன். கடைசியாகப் போனவர் வெளியே வந்து, "மாமா, தண்ணி கீழ எறங்கலைங்களே, மேல வருதுங்களே" என்றார். அதற்குள் நாற்றம் பந்திவரை வந்துவிட்டது. எல்லாரும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் கேசரி சாப்பிட்டார்கள். "வாரோமுங்க, வாரோமுங்க" என்று நாசூக்காகக் கும்பிட்டுவிட்டு மதியத்துக்குள் கலைந்துபோனார்கள்.

மனைவி தன் அண்ணனைப் பஸ் ஏற்றிவிட மெயின் ரோட்டுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் கேரவனுக்குள் ஏறினேன். கக்கூஸுக்குள் போனதும், நாற்றம் கட்டில் பக்கம் போகக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்திவிட்டுப் பீடத்துக்குள் பார்த்தேன். விவரிக்க மாட்டேன். ஊரார் எல்லாருடையதும் விளிம்புவரை நின்றது, அதில் ஒரு மாவிலை வேறு மிதந்தது. எனக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. எடுத்தேன். மறுபடி எடுத்தேன். எக்கிய எக்கலில் வயிற்றில் சூடாக எதுவோ வழிவது தெரிந்தது. பையின் ஓரம் பிரிந்துவிட்டது.

மாற்றுப் பை வீட்டுப் பாத்ரூமில். கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. தோளால் இடித்தேன், அசையவில்லை. காலையிலிருந்து ஊற்றிய தண்ணீரில் பிளைவுட் உப்பி, நான் கேட்டு வாங்கிய ரப்பரோடு சேர்ந்து சட்டத்தில் இறுகிப் பிடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் செத்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஊட்டுக்குள்ள போ."

"கதவத் தொறங்க."

"போன்னு சொல்றேன்ல!"

அப்புறம் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தாள். "மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"பாய்க்கு ஃபோன் பண்ணு."

"அவரு உக்கடத்துலருந்து வர்றதுக்குள்ள நீங்க மயக்கம் போட்டு விழுந்துருவீங்க. சித்தெ இருங்க." போய் ஸ்குரூ டிரைவரோடு வந்தாள். கீல் அவள் பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "இந்தக் கதவு போட்ட அன்னிக்கே இதக் கழட்டோணும்னு நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அம்மணி, நான் சொல்றதக் கேளு. கண்ண மூடிக்க."

"கண்ண மூடிட்டு ஸ்குரூவ எப்படிங்க கழட்டறது?"

கதவு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதை அப்படியே தூக்கி வெளியே முற்றத்தில் போட்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஈரச் சட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். வாந்தி, ஊரார் சரக்கு, என் சரக்கு எல்லாம் சேர்ந்த நாற்றம். "பாக்காத" என்றேன். பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை நன்றாகவே பார்த்தாள்.

"நாறுதா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நாறாம என்னங்க பண்ணும்? நெம்ப நாறுது" என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்து, ஜிப்பைத் திறந்தாள். வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அதற்குள் என் பை, புதுசு. சின்னக் கத்தரிக்கோல், பஞ்சு, ஒட்டுகிற பசை. நான் அவளையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இதெல்லாம் உனக்கு..."

"நீங்க வராந்தாவுக்குத் தொரத்திவிட்டீங்கல்ல, அன்னிக்கு நர்ஸம்மா கைவேல முடிஞ்சு வெளிய வந்ததும் கேட்டுக்கிட்டேன். கையத் தூக்குங்க." அவள் என் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். கம்பவுண்டர் மகளுடைய கை, தயங்கவில்லை. துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "பொள்ளாச்சிக் கல்யாணத்துலயும் இது எம்மடிலதான் இருந்துச்சுங்க. இப்பக் கேப்பீங்க, இப்பக் கேப்பீங்கன்னு ஊடு வந்து சேர்ற வரைக்கும் புடிச்சுட்டே உக்காந்திருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

அவள் பையை ஒட்டி, ஓரத்தை விரலால் சுற்றி அழுத்திவிட்டு, "போங்க, போயிக் குளிங்க. வந்து ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அந்தத் தொட்டிய எடுக்கலாம். உங்க அக்காவ நெனச்சுட்டே கொட்டலாம்" என்றாள்.

பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டி வளைவுக்கு வளைவு பஸ்ஸுக்கு வழிவிட்டு, டிரைவர்களிடம் திட்டு வாங்கி, சாயங்காலத்துக்கு அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இப்போது அங்கே இருக்கிற கம்பவுண்டரிடம் கேட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டோம். கதவு துடியலூரில் கோழிக்கூண்டுக்கு மறைப்பாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் அவளுடைய பழைய நூல் சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறாள். கட்டிலுக்கு அந்த அரை அடியைப் பாய் திரும்பச் சேர்த்துக்கொடுத்துவிட்டார்.

காலையில் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் திரைக்குப் பின்னால் பையைக் காலி செய்துகொண்டிருந்தேன். வெளியே ஆஸ்பத்திரி மணி அடித்தது. அதே நேரம் பார்த்து என் வயிறும் பெரிதாக ஒரு சத்தம் போட்டது. சீ, இவள் ஆசை ஆசையாகக் கேட்க வந்த மணியில் போய்க் கலந்துவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சேலைக்கு அந்தப் பக்கம் அடுப்பு பற்றவைக்கிற சத்தம்.

"டீயா காப்பியாங்க?" என்றாள்.

"டீ" என்றேன்.